வெறும் தண்ணீர்ப் பாத்திகள்

சிம்பாயில் மார்ச் மாதக் காற்றுக்கு
நிறம் உண்டு. வெள்ளை.
வற்றிப்போன ஆரல் கடல்
தன் அடிமண்ணை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
இங்கே மறக்க விட்டால்தானே.

தஜிமுராத்தின் கோதுமை வயலில்
பன்னிரண்டு பாத்திகள் அளந்து கயிறு கட்டினேன்.
ஆறுக்குச் சாலிசிலிக் அமிலம்,
லிட்டருக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக:
ஆற்றோர வில்லோ மரம் தன் பட்டையில்
ஒளித்து வைத்திருக்கும் கசப்புக்கு உறவு,
காய்ச்சல் மாத்திரைக்குப் பங்காளி.
மற்ற ஆறுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டு நீலத் தெளிப்பான்கள், ஒரே காலை, ஒரே நடை.
குச்சிகளில் எண் மட்டும்.
எது எது என்பது என் நோட்டுக்குத் தெரியும்.

“இது உரமில்லை, பூச்சி மருந்துமில்லை.
ஆபத்து வருகிறது, தயாராகு என்று
செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சொல்.
நாம் அதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவைக்கிறோம்.”
தஜிமுராத் தொப்பியைக் கழற்றித் தட்டினார்.
உப்பு உதிர்ந்தது.
“அந்தச் சொல் லிட்டர் என்ன விலை?”

ஏப்ரலில் மூன்று நாள் அடித்தது.
நான்காம் நாள் தேநீர்க் கூஜாவோடு வந்த அயிம்குல்
நோட்டைக் கேட்கவில்லை.
நுனி கருகிய ஆறையும்
விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்:
இரண்டு, மூன்று, ஆறு, ஏழு, பத்து, பன்னிரண்டு.
ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இதுகள் என்ன தப்பு செய்தன, அய்சானெம்?”

தப்பில்லை, ஒப்பீடு என்றேன்.
இவை வாடினால்தான்
அவை பிழைத்ததை நூகூஸில் நம்புவார்கள் என்றேன்.
சொல்லும்போதே நாக்கில் கரித்தது.
ஆட்டத்தில் சேர்த்தும் சேர்க்காத பிள்ளைகள்,
உப்புக்குச் சப்பாணிகள்,
இந்த முறை நிஜமாகவே உப்புக்கு.

“இரண்டு பிள்ளைக்கும் காய்ச்சல்.
ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்குத் தண்ணீர்.
பக்கத்தில் உட்கார்ந்து எவள் நோட்டு எழுதுவாள்?”
என் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போனாள்.

நான் எழுதினேன்.
உண்மையைச் சொல்வதென்றால் மகிழ்ச்சியாக இருந்தது.
அந்தப் பாத்திகள் மஞ்சளாக ஆக
என் கட்டுரை பச்சை பிடித்தது.

மே மாதம் எல்லாம் குழம்பியது.
இரண்டாம் பாத்தி நிமிர்ந்தது. பிறகு ஏழு.
பத்தில் புதிய இலை, கரும்பச்சை, முரட்டுத்தனமாக.
தராசைச் சரிபார்த்தேன்.
மண்ணைக் கரைத்து மீட்டரை விட்டுப் பார்த்தேன்:
உப்பு அப்படியேதான் இருந்தது.
அறுத்துக் கட்டி நிறுத்தபோது
பன்னிரண்டும் பிழை எல்லைக்குள், அண்ணன் தம்பிபோல.

“குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை”
என்று நூகூஸில் இயக்குநர் சத்தமாகப் படித்தார்.
கோப்பை மூடும் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாமான்களை எடுக்கப் போன அன்றுதான்
கொட்டகையில் பார்த்தேன்:
பாட்டிலில் நான் பென்சிலால் போட்ட கோட்டுக்கு
இரண்டு விரல் கீழே மருந்து.

அயிம்குல் மறுக்கவில்லை.
ராத்திரியில், ரோஜாவுக்கு ஊற்றும் பூவாளியில்,
மூன்று தடவை.
“எவ்வளவு கலந்தாய்?”
“நீ கலந்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.”

ஆறு மாத உழைப்பு.
கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட.
அவள் பின்னால் வெட்டிய தாள்கள்,
பன்னிரண்டு பாத்தியிலும் ஒரே உயரம்.
எது எது என்று
இப்போது நோட்டுக்கும் தெரியாது.

அறிக்கையில் ‘குறிப்புகள்’ என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
மருந்து வேலை செய்யவில்லை என்றால் பொய்.
செய்தது என்றால் சான்று இல்லை.

அடுத்த பருவத்துக்கு நிதி கேட்டிருக்கிறேன்.
வெறும் தண்ணீர்ப் பாத்திகளை
யார் கண்ணிலும் படாத இடத்தில் போட வேண்டும்.
பழைய வரைபடத்தை விரித்துத் தேடுகிறேன்.
எங்கே விரல் வைத்தாலும் ஒரு வீடு, ஒரு ஜன்னல்.
கடல் என்று நீலம் தீட்டிய
அந்த ஓரத்தைத் தவிர.